வயர் கழன்ற பிறகு

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் இல்லை. வேலூர் சாலையில், வேங்கிக்காலில் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்வு நாள் கூட்டம். ஜவ்வாது மலையிலிருந்தும் செங்கத்திலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் மனுவோடு வந்து இறங்குவார்கள். ஆட்சியர் அலுவலகம் உள்ள எந்த ஊரிலும் அதன் வாசலை ஒட்டி முளைக்கும் கடைகள் இங்கும் உண்டு: மனு எழுதித் தருவது, ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம். பட்டா நகலோ வருமானச் சான்றோ முதியோர் உதவித்தொகையோ, இன்று எதுவானாலும் கடைசியில் ஓர் இணையதளத்தில் ஏற்றி முடிக்கவேண்டிய வேலைதான். ஸ்கேன் செய்த தாள்கள் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் இணைப்பு நின்றால், படிவத்தை முதலிலிருந்து நிரப்ப நேரலாம். இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் ஒரு மூதாட்டிக்கு அந்த அரை மணி நேரம் சின்ன விஷயம் இல்லை. அவர் ஊர் திரும்பும் பஸ் காத்திருக்காது.

அதனால் இத்தகைய கடைகளில் நெட்டுக்கு இரண்டு வழி வைத்திருப்பார்கள். சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டியிலிருந்து கணினிக்கு ஒரு லேன் வயர். அது கைவிட்டால் கைபேசியின் ஹாட்ஸ்பாட். “நெட் போயிடுச்சு, ஹாட்ஸ்பாட் போடுங்கண்ணா” என்றொரு குரல் எழும், ஒருவர் கைபேசியைத் தேடுவார், வரிசை நிற்கும். இந்த மாற்றத்தைக் கணினியே செய்துகொள்ள முடியாதா? வயர் போனால் காற்றலைக்கு, வயர் திரும்பினால் வயருக்கு, யாரும் தொடாமல்?

முடியும். லினக்ஸில் இது வெகுநாளாகவே நடக்கிறது. ஆனால் கடினம் என்று நாம் நினைக்கும் பகுதி அதில் மிக எளிது. யாரும் எட்டிப் பார்க்காத பகுதியில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. அதைத் திறந்து காட்டத்தான் இந்த அத்தியாயம்.

லினக்ஸ் என்றதும் எங்கோ உள்ள நிபுணர்களின் சொத்து என்று ஒதுக்கிவிட வேண்டாம். சி. உமாசங்கர் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், 2006-க்குப் பிறகு, அந்த அரசு நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. மற்ற துறைகளையும் அந்தப் பக்கம் இழுத்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் பாஸ் லினக்ஸ் உருவானது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் கைக்கு வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. இது எதையும் தொட்டதில்லை என்பவரின் சட்டைப்பையில்கூட ஆண்ட்ராய்டு கைபேசி இருக்கும். அதன் உள்ளே ஓடும் கெர்னலும், அதாவது இயங்குதளத்தின் மையக்கருவும், லினக்ஸ்தான். வீட்டைவிட்டு இறங்கி நடக்கும்போது வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு அது தானே தாவுவதை நாம் தினமும் பார்க்கிறோம்.

வயர் கழன்றது கணினிக்கு எப்படித் தெரிகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். லேன் வயரின் இரு முனைகளிலும் இருக்கும் சில்லுகள் தரவு எதுவும் ஓடாத நேரத்திலும் சும்மா இருப்பதில்லை. பழைய 10 மெகாபிட் ஈதர்நெட்டில், பேச எதுவும் இல்லாவிட்டாலும் சுமார் 16 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரு சிறு மின்துடிப்பு வயரில் போகும். ‘நான் இருக்கிறேன்’ என்பதற்கு மேல் அதில் எந்தச் செய்தியும் இல்லை. 100 மெகாபிட்டிலும் கிகாபிட்டிலும் துடிப்புக்குப் பதிலாக இடைவிடாத ஓய்வுக்குறி ஓடிக்கொண்டே இருக்கிறது. வயரைப் பிடுங்கினால் அது நிற்கிறது. சில்லு ஒரு நொடிக்குள் அதை உணர்ந்து கெர்னலுக்குச் சொல்கிறது. கெர்னல் அதை நெட்லிங்க் என்னும் உள்வழியில் அறிவிக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் எந்த நிரலுக்கும் அது போய்ச் சேரும்.

வைஃபைக்கு இந்த வசதி இல்லை. ரூட்டர் பெரும்பாலும் 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை தன் இருப்பை ஒலிபரப்பும். அதில் ஒன்று காதில் விழவில்லை என்றால் ரூட்டர் போய்விட்டதா, நடுவில் ஒருவர் குறுக்கே நின்றாரா, பக்கத்துக் கடையின் வைஃபை அதே நேரத்தில் பேசியதா என்று கணினிக்குத் தெரியாது. தொடர்ந்து சிலவற்றைத் தவறவிட்ட பிறகுதான் ‘போய்விட்டது போலிருக்கிறது’ என்று முடிவுகட்டும். வயரின் சாவை லினக்ஸ் நேரடியாக அறிகிறது. வைஃபையின் சாவை ஊகிக்கிறது. கேட்கச் சின்ன வேறுபாடாகத் தோன்றும். ஆனால் இரண்டில் எதை முதலில் நம்புவது என்ற கேள்விக்கு அடிப்படையே இதுதான்.

2004-ல் ரெட்ஹேட் நிறுவனத்தில் தொடங்கிய நெட்வொர்க் மேனேஜர் என்னும் நிரல், இன்று பெரும்பாலான லினக்ஸ் மேசைக்கணினிகளில் இந்த அறிவிப்புகளைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முன்பு ஒவ்வொன்றுக்கும் கைவேலை: வைஃபை அட்டையை எழுப்பு, முகவரி கேள், பழைய வழியை அழி, புதியதை எழுது. இப்போது வயரைச் செருகினால் அது ரூட்டரிடம் ஓர் ஐபி முகவரி கேட்டு வாங்குகிறது. கெர்னலின் வழிப்பட்டியலில் ஒரு வரி சேர்க்கிறது. ‘வெளியுலகுக்குப் போகவேண்டிய எதுவும் இந்த வயர் வழியே போகலாம்’ என்பதே அந்த வரி. வைஃபை இணைந்தாலும் அதே போல் இன்னொரு வரி.

ஆக, ஒரே நேரத்தில் பட்டியலில் இரண்டு வழி. எதில் போவது? ஒவ்வொரு வரியிலும் மெட்ரிக் என்று ஓர் எண் இருக்கிறது. இலக்கு ஒன்றாக இருக்கும்போது, எண் குறைவாக உள்ள வழியைக் கெர்னல் எடுத்துக்கொள்ளும். நெட்வொர்க் மேனேஜர் வயருக்கு 100 தருகிறது, வைஃபைக்கு 600, சிம் போட்ட டாங்கிளுக்கு 700. வயர் இருக்கும்வரை எல்லா பாக்கெட்டும், அதாவது தரவின் ஒவ்வொரு சிறு பொட்டலமும், 100-ல் போகும். வயர் கழன்றால் சில நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த வரி நீக்கப்படும். மிச்சம் இருப்பது 600. அடுத்த பாக்கெட் வைஃபையில் போகும். வயரை மறுபடி செருகினால் 100 திரும்பி வரும்; அது 600-ஐ முந்தும். யாரும் எதையும் அணைக்கவில்லை, போடவில்லை. நாம் கேட்ட தானியங்கி மாற்றத்தின் முதல் பாதி இவ்வளவுதான். இதற்கென்று தனியாக ஒரு நிரலும் எழுதவேண்டியதில்லை.

வயருக்கு ஏன் முதலிடம்? வேகத்துக்காக என்று சொன்னால் பாதிதான் சரி. சோதித்துப் பார்த்தால் ஐந்தாம் தலைமுறை கைபேசி சில நேரம் வயரைவிடப் பெரிய எண்ணைக் காட்டும். ஆனால் அந்த அலைவரிசை கடைக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை. ஒரு கோபுரத்தின் ஒரு பக்கத்தில் நிற்கும் எல்லாக் கைபேசிகளும் அதைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு 2,668 அடி மலையின் உச்சியில் தீபம் ஏறும்போது கீழே லட்சக்கணக்கானோர் கைபேசியை உயர்த்திப் பிடித்திருப்பார்கள். அந்தக் காட்சியை அப்போதே வீட்டுக்கு அனுப்பவும் பார்ப்பார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஆட்கள். அந்த நேரத்தில் ஹாட்ஸ்பாட்டை நம்பி ஓர் அவசர விண்ணப்பத்தை அனுப்பப் பார்த்தால், பங்கு எவ்வளவு மெலிந்துபோகும் என்று புரியும். வயரில் ஓடுவது அந்தக் கடையின் தரவு மட்டும். பெட்டி வரைக்கும் அதில் வேறு யாரும் குறுக்கே வருவதில்லை. உச்ச வேகத்தைவிட நிதானமே இங்கே பெரிது; 100-க்கும் 600-க்கும் உள்ள இடைவெளியின் நியாயம் அதுதான்.

இந்த இடத்தில் சற்று விலகி ஒரு வரலாறு சொல்ல வேண்டும், ஏனென்றால் வயரும் காற்றலையும் பகையாளிகள் இல்லை. ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சனும் அவரது குழுவினரும் 1971-ல் ஓட்டிக்காட்டிய அலோஹாநெட், தீவுகளுக்கு இடையே கணினிகளை வானொலி அலையில் இணைத்தது. எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேசுவார்கள்; இருவர் பேச்சு மோதினால் இருவரும் ஆளுக்கொரு நேரம் காத்திருந்து மறுபடி பேசுவார்கள். இதைப் படித்த ராபர்ட் மெட்காஃப் 1973-ல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் அதே யோசனையை வயருக்குள் கொண்டுவந்தார். ஈதர்நெட் அப்படித்தான் பிறந்தது. பிறகு 1997-ல் வைஃபையின் முதல் தரம் வந்தபோது, ஈதர்நெட்டிலிருந்து பலவற்றை எடுத்துக்கொண்டு மறுபடி காற்றில் ஏறியது. காற்றில் தொடங்கி வயருக்குள் போய்த் திரும்பக் காற்றுக்கு வந்த குடும்பம் இது. ஒரே மடிக்கணினியில் இரண்டும் இவ்வளவு இசைவாக இருப்பதற்கு அந்த உறவும் ஒரு காரணம்.

இனி, சிக்கல்.

மேலே சொன்னதெல்லாம் வயர் கழன்றால் நடப்பது. வேங்கிக்கால் கடையில் வயர் எத்தனை முறை கழலும்? அபூர்வமாக. உண்மையில் நடப்பது வேறு. எங்கோ சாலையோரம் பள்ளம் தோண்டும்போது ஃபைபர் அறுபடுகிறது. மழையில் கம்பம் சாய்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் கொட்டிய மழையில் மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் 7 பேர் மண்ணுக்குள் மாண்டார்கள். ஒரு மாவட்டத் தலைநகருக்குத் தொடர்பு எவ்வளவு தேவை என்பதையும், எந்தப் பாதையும் எந்த நாளும் அறுபடக்கூடும் என்பதையும் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஃபைபர் அறுந்தாலும் கடைக்குள் சுவரில் உள்ள பெட்டி பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். கணினிக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இரண்டு மீட்டர் வயர் நலமாக இருக்கும். ஓய்வுக்குறி ஓடும், பச்சை விளக்கு எரியும், பெட்டி ஐபி முகவரியும் தரும். கெர்னலின் பார்வையில் எல்லாம் சரி. மெட்ரிக் 100 அப்படியே இருக்கிறது. பாக்கெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வயருக்குள் போய் மறைந்துகொண்டிருக்கும். பக்கத்தில் ஹாட்ஸ்பாட் 600-ல் உயிரோடு இருந்தும் யாரும் அதன் பக்கம் திரும்புவதில்லை. தானாக மாறும் என்று நம்பியவர் ஏமாறும் இடம் இதுதான். கணினிக்குத் தெரிந்தது பக்கத்து வாசல் வரைக்கும்தான். அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்று பச்சை விளக்குக்குத் தெரியாது.

இதற்கு ஒரே மருந்து, போய்ப் பார்த்துவருவது. நெட்வொர்க் மேனேஜர் ஒவ்வொரு இணைப்பின் வழியாகவும் தெரிந்த ஒரு முகவரிக்கு ஒரு சிறு கோரிக்கை அனுப்பி, எதிர்பார்த்த பதில் வருகிறதா என்று பார்க்கும். வந்தால் அந்த இணைப்பு முழுமையானது. பதில் இல்லையென்றால் அந்த வழியின் மெட்ரிக்கோடு 20,000-ஐக் கூட்டிவிடும். 100 என்பது 20,100 ஆகும். 600-ல் நின்றிருந்த ஹாட்ஸ்பாட் சட்டென்று முதலிடத்துக்கு வந்துவிடும். ஃபைபர் சரியானதும் அடுத்த சோதனையில் அந்த அபராதம் நீங்கும். வயர் பழைய இடத்துக்குத் திரும்பும். வழியை அழிக்காமல் பின்னுக்குத் தள்ளுவது என்ற இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. வயர் இன்னும் இருக்கிறது. அச்சுப்பொறிக்கோ பக்கத்துக் கணினிக்கோ அதன் வழியாக இப்போதும் பேசலாம். வெளியே போகும் வேலைக்கு மட்டும் அது கடைசி வரிசையில் நிற்கிறது.

கைபேசியும் இதையே செய்கிறது. வைஃபையில் சேர்ந்ததும் கூகுளின் ஒரு முகவரிக்கு ஆண்ட்ராய்டு ஒரு கோரிக்கை அனுப்பும். 204 என்ற வெற்றுப் பதில் வரவேண்டும். வராவிட்டால் அந்த வைஃபையில் இணையம் இல்லை என்று உங்களிடம் சொல்லிவிட்டு மொபைல் டேட்டாவிலேயே இருக்கும். ரயில் நிலையத்திலோ விடுதியிலோ வைஃபை சேர்ந்ததும் ‘உள்நுழைக’ என்றொரு பக்கம் எழுகிறதே, அதைக் கண்டுபிடிப்பதும் இந்தச் சோதனைதான். 204-க்குப் பதில் வேறொரு பக்கம் வந்தால், நடுவில் ஒருவர் வழியை மறித்திருக்கிறார் என்று பொருள்.

ஆனால் மேசைக்கணினியில் இந்தச் சோதனையின் இடைவெளி இயல்பாக 300 நொடி. அதாவது ஃபைபர் அறுந்த பிறகு 5 நிமிடம் வரைகூட லினக்ஸ் செத்த வயரையே நம்பிக்கொண்டிருக்கலாம். வீட்டில் இருப்பவருக்கு அது பொறுக்கும். வரிசை நிற்கும் கடைக்குப் பொறுக்காது. அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்றி 30 நொடி, 60 நொடி என்று குறைக்கலாம். இன்னொன்று: உபுண்டுவில் இந்தச் சோதனை தானாகவே இயங்கும், டெபியனில் அதற்கான சிறு தொகுப்பைத் தனியே நிறுவவேண்டும். அது இல்லாத கணினியில் அபராதமும் இல்லை. மாற்றம் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

பலர் இதற்கு வேறொரு வழி செய்கிறார்கள். வயர் சேர்ந்தால் வைஃபையை முழுக்க அணைத்துவிடு, வயர் போனால் வைஃபையைப் போடு என்று ஒரு குறுநிரல். நெட்வொர்க் மேனேஜரின் டிஸ்பாட்சர் அடைவில் அதை வைத்துவிட்டால் இணைப்பு மாறும்போதெல்லாம் அது ஓடும். நெட்வொர்க் மேனேஜரின் கையேட்டிலேயே இதற்கு மாதிரி உண்டு. அலுவலக விதிப்படி இரண்டு பிணையங்களில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடாது என்றால் இது சரி. வேறு காரணம் இல்லாதபோது நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பச்சை விளக்கு எரிகிற செத்த வயரில் இந்தக் குறுநிரல் என்ன செய்யும்? வயர் சேர்ந்திருக்கிறது என்று சொல்லி வைஃபையை அணைத்தே வைத்திருக்கும். இருந்த ஒரே மாற்றுவழியையும் அதுவே அடைத்துவிடுகிறது. தவிர, அணைத்த வைஃபையைப் போட்டு, தேடி, கடவுச்சொல் சரிபார்த்து, முகவரி வாங்கச் சில நொடிகள் ஆகும். இரண்டையும் உயிரோடு வைத்துவிட்டு எண்கள் தீர்மானிக்கட்டும் என்று விடுவதே நல்லது.

ஹாட்ஸ்பாட்டுக்குப் பதில் கைபேசியை யூஎஸ்பி வயரில் கோத்து நெட் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கைபேசி சார்ஜும் ஏறும் என்பதால் கடைகளில் இது வசதியான வழக்கம். லினக்ஸுக்கு அந்தக் கைபேசி ஓர் ஈதர்நெட் அட்டை போலவே தெரியும். அதற்கும் 100 என்ற எண்ணே உரியது. ஏற்கெனவே 100 எடுக்கப்பட்டிருந்தால் இரண்டாவதாக வந்தது 101 ஆகும். அதாவது எதை முதலில் செருகினீர்களோ அதுவே முதல்வழி. காலையில் கடை திறந்ததும் கைபேசியை முதலில் கோத்தவர், ஃபைபர் வந்த பிறகும் நாள் முழுக்கத் தன் மொபைல் டேட்டாவைக் கரைத்துக்கொண்டிருப்பார். கைபேசியின் இணைப்புக்கு 800 என்று ஒரு மெட்ரிக்கை ஒருமுறை எழுதிவைத்தால் போதும்.

இவ்வளவும் சரியாக அமைத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஃபைபர் அறுந்தது, அரை நிமிடத்தில் வழி மாறியது, புதிதாகத் திறக்கும் பக்கங்கள் ஓடுகின்றன. ஆனால் ஏறிக்கொண்டிருந்த அந்த ஸ்கேன் கோப்பு? அது செத்துவிட்டது. வழி மாறினாலும் பேச்சு தொடரவில்லை. ஏன்?

இணையத்தின் பெரும்பகுதிப் பேச்சு டிசிபி என்ற நெறிமுறையில் நடக்கிறது. ஒரு டிசிபி பேச்சுக்கு அடையாளம் நான்கு எண்கள்: என் முகவரி, என் வாயில் எண், உன் முகவரி, உன் வாயில் எண். இதில் ஒன்று மாறினாலும் மறுமுனைக்கு அது வேறு ஆள். வயரில் 192.168.1.7 என்று இருந்த கணினி, ஹாட்ஸ்பாட்டில் 192.168.43.20 ஆகிறது. வெளியுலகம் பார்க்கும் பொது முகவரியும் ஒரு நிறுவனத்தினுடையதிலிருந்து இன்னொன்றினுடையதாக மாறிவிடுகிறது. பழைய பேச்சின் பாக்கெட்டைப் பழைய முகவரியோடு புது வழியில் அனுப்பினாலும் பயனில்லை: கைபேசியின் பக்கம் அந்த முகவரி யாருக்கும் தெரியாது, அப்படியே கடந்துபோனாலும் மறுமுனையில் உள்ள சேவையகத்துக்கு அது அந்நியரின் குரல்.

இதில் வேதனை என்னவென்றால் யாரும் யாருக்கும் ‘முடிந்தது’ என்று சொல்வதில்லை. லினக்ஸின் டிசிபி இயல்பாக 15 முறை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் காத்திருப்பை நீட்டும். மொத்தத்தில் சுமார் 15 நிமிடம் ஆகும் கைவிட. அதுவரை திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். கடைக்காரருக்கு நெட் வந்துவிட்டதும் தெரியும், படிவம் நகரவில்லை என்பதும் தெரியும்; இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்கமுடியும் என்பது தெரியாது. ஆண்ட்ராய்டு இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது. முகவரி போனதும் அதில் தொங்கிய பேச்சுகளை அதுவே துண்டித்துவிடுகிறது. செயலிகள் உடனே புதிதாகத் தொடங்குகின்றன. அதோடு மொபைல் டேட்டாவிலிருந்து வைஃபைக்கு மாறும்போது, பழைய இணைப்பைச் சுமார் 30 நொடி வரை விட்டுவைக்கிறது. நடந்துகொண்டிருக்கும் பேச்சு அதற்குள் முடித்துக்கொள்ளலாம்.

லினக்ஸில் பான்டிங் என்றொரு பழைய ஏற்பாடும் உண்டு: இரண்டு அட்டைகளை ஒன்றாகக் கட்டி, ஒரே முகவரியை இரண்டுக்கும் வைத்து, ஒன்று விழுந்தால் அதன் இடத்தில் மற்றதை இயக்குவது. வயரும் வைஃபையும் ஒரே ரூட்டருக்குப் போகும் வீட்டில் இது நன்றாக வேலை செய்யும். வயரைப் பிடுங்கினாலும் பேச்சு அறாது. நம் கடையில் வயர் ஒரு நிறுவனத்துக்கும் ஹாட்ஸ்பாட் இன்னொன்றுக்கும் போகின்றன. அங்கே ஒரே முகவரியை இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ள வழியே இல்லை.

முகவரி மாறினாலும் பேச்சு தொடரவேண்டும் என்ற கேள்வியை நீண்ட காலம் சுமந்தவர்களில் ஒருவர் ஹரி பாலகிருஷ்ணன். சென்னை ஐஐடியில் 1993-ல் கணினி அறிவியல் முடித்தவர். அவருடைய தந்தை வி. பாலகிருஷ்ணன் அதே ஐஐடியில் தலைமுறைகளுக்கு இயற்பியல் சொல்லித்தந்தவர். பெர்க்லியில் ஆய்வு மாணவராக இருந்தபோதே ஹரி காற்றலையில் டிசிபி ஏன் தள்ளாடுகிறது என்று பார்க்கத் தொடங்கிவிட்டார். வயருக்காக வடிவமைக்கப்பட்ட டிசிபி, ஒரு பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். காற்றில் பாக்கெட் தொலைவது நெரிசலால் அல்ல, இரைச்சலால். தேவையில்லாத இடத்தில் அது பிரேக் போடுகிறது. 1995-ல் அவரும் சீனிவாசன் சேஷனும் சகாக்களும் சொன்ன தீர்வு, வானொலிக் கோபுரத்தின் அருகிலேயே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு தொலைந்ததை அங்கிருந்தே மறுபடி அனுப்புவது. எம்ஐடிக்குப் போன பிறகு 2000-ல் அலெக்ஸ் ஸ்னோரனோடு சேர்ந்து, டிசிபி பேச்சு ஒன்றைப் பழைய முகவரியிலிருந்து புதியதுக்குப் பெயர்த்துவைக்கும் முறையை முன்வைத்தார். அது பரவவில்லை. எல்லோருடைய கெர்னலும் மாறவேண்டும் என்பது பெரிய விலை.

2012-ல் கீத் வின்ஸ்டைனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட மோஷ் வேறு பக்கமாக வந்தது. தொலைவில் உள்ள கணினியில் கட்டளை தட்டுபவர்களுக்கான சிறு கருவி அது. டிசிபியையே விட்டுவிட்டு, யூடிபி என்னும் எளிய நெறிமுறையின் மேல் கட்டிய ஒரு புதிய நெறிமுறை. பேச்சை அடையாளம் காட்டுவது முகவரி இல்லை, இருவருக்கும் தெரிந்த ஒரு ரகசியத் திறவுகோல். சேவையகத்துக்கு ஒரு பாக்கெட் வருகிறது, திறவுகோல் பொருந்துகிறது, இதுவரை வந்தவற்றைவிடப் புதிய வரிசை எண் கொண்டிருக்கிறது. அப்படியானால் இது எந்த முகவரியிலிருந்து வந்ததோ, இனிப் பதில் அங்கே. அவ்வளவுதான். இதன் அழகு என்னவென்றால் ‘நான் இடம் மாறிவிட்டேன்’ என்று யாரும் அறிவிக்கத் தேவையில்லை. தன் முகவரி மாறியதே பயனர் பக்கத்துக்குத் தெரியாவிட்டாலும் பேச்சு தொடரும். 2023-ல் ஹரி பாலகிருஷ்ணனுக்கு மார்கோனி பரிசு கிடைத்தது.

இதே எண்ணம் பின்னர் இணையத்தின் நடுவுக்கு வந்தது. 2021 மே மாதம் தரமாக வெளியான குயிக் நெறிமுறை, ஒவ்வொரு பேச்சுக்கும் முகவரியோடு சம்பந்தமில்லாத ஓர் அடையாள எண் தருகிறது. இன்று உலாவிகள் பெரிய தளங்களோடு பேசும்போது பல நேரம் இதில்தான் பேசுகின்றன. முகவரி மாறினாலும் அந்த எண்ணைக் காட்டிப் பேச்சைத் தொடரலாம் என்பது அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது.

இன்னொரு கிளை பல்வழி டிசிபி. ஒரே பேச்சுக்குள் வயர் வழியும் வைஃபை வழியும் இரண்டு கிளைகளாக ஒரே நேரத்தில் திறந்திருக்கும். ஒன்று அறுந்தால் மீதி மற்றதில் போகும். மாற்றம் என்ற நிகழ்வே இல்லை. 2013-ல் ஆப்பிள் தன் ஐபோனின் குரல் உதவியாளரான சிரிக்கு இதைப் பயன்படுத்தியது, வைஃபை எல்லையைத் தாண்டி நடந்தாலும் கேள்வி பாதியில் நிற்கக்கூடாது என்பதற்காக. லினக்ஸின் அதிகாரபூர்வக் கெர்னலில் 2020 மார்ச்சில், 5.6 பதிப்பில் அது இடம்பெற்றது. 2022 முதல் நெட்வொர்க் மேனேஜரும் அதற்கு வேண்டியதைத் தானே அமைத்துத் தருகிறது. நிபந்தனை ஒன்றுதான்: மறுமுனையில் உள்ள சேவையகமும் அதைப் பேசவேண்டும். பேசாவிட்டால் இரண்டும் ஓசையின்றிப் பழைய டிசிபிக்கு இறங்கிவிடும், கெட்டுப்போவது எதுவுமில்லை.

ஆகவே வேங்கிக்கால் கடைக்காரர் செய்யக்கூடியது அவர் மேசையோடு முடிகிறது. சோதனையை இயக்கி இடைவெளியைக் குறைப்பது, கைபேசிக்கு ஒரு மெட்ரிக் எழுதுவது, வைஃபையை அணைக்காமல் விடுவது. பத்து நிமிட வேலை. மீதி, விண்ணப்பங்களை வாங்கும் தளங்களை நடத்துகிறவர்கள் கையில் இருக்கிறது. அவர்களுடைய சேவையகங்களில் 5.6-க்குப் பிந்தைய லினக்ஸ் ஓடுகிறது என்றால் பல்வழி டிசிபி கெர்னலில் ஏற்கெனவே இருக்கிறது. சேவை நிரல் அதைக் கேட்டுத் திறக்கவேண்டும். குயிக்கைத் திறந்துவைப்பதும் இன்றைய வலைச் சேவை நிரல்களில் அமைப்பு வேலைதான். இரண்டும் முடியாது என்றாலும் மூன்றாவது ஒன்று உண்டு: கோப்பைத் துண்டு துண்டாக ஏற்றி, எதுவரை வந்தது என்று சேவையகம் நினைவில் வைத்திருப்பது. இணைப்பு எத்தனை முறை அறுந்தாலும் விட்ட துண்டிலிருந்து தொடரலாம். பெரிய காணொளித் தளங்கள் இதை வெகுநாளாகச் செய்கின்றன. ஒரு பட்டா நகலின் ஸ்கேன் ஏறுவதற்கும் அதைச் செய்ய எந்தத் தடையும் இல்லை.